திருத்தி முடித்த பிறகு படகைத் திருப்பிக் கேட்கிறார்

காரைநகரிலிருந்து ஒரு தம்பி எழுதியிருக்கிறார். பக்கத்து வளவு வேப்பமரத்தடியில் வருடக்கணக்காகக் கவிழ்ந்து கிடந்தது ஒரு 12 அடி பைபர் பாய்ப்படகு, உரிமையாளர் இருப்பது கனடாவில். வீட்டைப் பார்த்துக்கொள்ளும் அவருடைய அக்கா "கொண்டுபோ ராசா, கறையான்கூடத் தின்னாத சாமான்" என்று கொடுத்துவிட்டார். எட்டு மாதம் மினக்கெட்டு, 185,000 ரூபாய் செலவழித்துத் திருத்தியாயிற்று. இப்போது நல்லூர்த் திருவிழாவுக்கு வந்து நிற்கும் உரிமையாளர், படகைத் தா, இல்லையென்றால் பொலிஸுக்குப் போவேன் என்கிறாராம்.

தம்பி, பிடிக்காத செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன்: படகு உங்களுடையது அல்ல. கைவிட்ட பொருள் எடுத்தவனுக்கு என்பது உண்மைதான், ஆனால் இலங்கையின் பொதுச் சட்டமான ரோமன் டச்சுச் சட்டத்தில் கைவிடுவது என்றால் 'இனி எனக்கு வேண்டாம்' என்ற எண்ணமும் இருக்க வேண்டும். வெளிநாடு போய் எட்டிப் பார்க்காமல் இருந்தது மட்டும் அதற்குப் போதாது. போதுமென்றால் தீவகத்தில் பாதி வளவு இன்றைக்குக் கை மாறியிருக்கும். அக்கா கொடுத்தாரே என்பீர்கள். காணியென்றால் 1840 ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டப்படி நொத்தாரிசு உறுதி வேண்டும், படகை வாய்ச்சொல்லோடு கையில் கொடுத்தாலே நன்கொடைதான். ஆனால் கொடுப்பவருக்கு அது சொந்தமாக இருக்க வேண்டுமே.

சரி, செலவழித்த காசு? அதில் நீங்கள் பலமாகவே நிற்கிறீர்கள். அக்காவுக்குக் கொடுக்க உரிமை உண்டென்று நம்பித்தான் எடுத்தீர்கள், அதனால் நல்லெண்ணத்தோடு வைத்திருந்தவர். அப்படிப்பட்டவரின் செலவைச் சட்டம் மூன்றாகப் பிரிக்கும். வெடிப்புகளுக்குக் கண்ணாடியிழை விரிப்பும் றெசின் பசையும் போட்டு அடைத்தது, பின்பலகைக்குள் ஊறி உக்கிப்போன ஒட்டுப்பலகையை மாற்றியது எல்லாம் செய்யாவிட்டால் படகே அழிந்திருக்கும், ஆகவே அவசியச் செலவு, கேட்கலாம். புதுப் பாய்மரம், பாய், சுக்கான் பயனுள்ள செலவு. செலவான தொகை, அதனால் படகின் பெறுமதி கூடிய தொகை, இரண்டில் எது குறைவோ அதுதான் கிடைக்கும். சிவப்பு மஞ்சள் பெயின்ரும் பாட்டுப் பெட்டியும் உங்கள் ஆசை, அதற்கு அவர் காசு தரத் தேவையில்லை. பெட்டியைப் படகுக்குச் சேதமில்லாமல் கழற்றி எடுங்கள், பெயின்ரை மறந்துவிடுங்கள்.

கடிதத்தில் போகிற போக்கில் எழுதிய ஒரு வரிதான் எனக்குப் பெரிதாகப் பட்டது. வேலை பாதியில் நிற்கும்போது வட்ஸ்அப்பில் படம் அனுப்பினீர்கள், அவர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டி ஒரு படம் போட்டார். தன் பொருளில் இன்னொருவன் காசு கொட்டுவதைப் பார்த்துக்கொண்டு பேசாமல் இருந்தவர், முடிந்த பிறகு வந்து 'நான் கேட்டேனா' என்று சொல்வது எளிதல்ல. 2006 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல்கள் சட்டப்படி அந்தச் செய்தியைச் சாட்சியாகக் காட்டலாம். அழிக்காதீர்கள், போனையும் இப்போதைக்கு மாற்றாதீர்கள். கடைப் பற்றுச்சீட்டுகளையும் தேடி எடுங்கள்.

காசு கிடைக்கும்வரை படகைக் கையில் வைத்திருக்க உங்களுக்கு உரிமை உண்டு. கையை விட்டுப் போனால் அந்த உரிமையும் போய்விடும், பிறகு வெறும் கடன்காரனைத் துரத்துகிற கதைதான். அதற்காகப் பின்னேரத்தில் பாய் விரித்துக்கொண்டு ஓடித் திரிய வேண்டாம். பிடித்து வைப்பது வேறு, பாவிப்பது வேறு. (கஷ்டம்தான், தெரியும்.)

பொலிஸ் கூப்பிட்டால் போங்கள், அக்காவையும் கூட்டிக்கொண்டு போங்கள். நேர்மையற்ற எண்ணம் இல்லாமல் களவு இல்லை, இது குடியியல் பிணக்கு. அங்கே வைத்துப் படகை ஒப்படைக்கிறேன் என்று மட்டும் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். வழக்கென்றாலும் இந்தத் தொகைக்கு முதலில் மத்தியஸ்த சபைக்குத்தான் போக வேண்டும், அங்கே சட்டத்தரணி உங்களுக்காகப் பேச முடியாது. இழுத்தடிக்கவும் வேண்டாம், செய்த வேலைக்கான கூலி என்று பார்த்தால் வழக்குப் போடக் காலாவதிக் கட்டளைச் சட்டம் தரும் காலம் 1 வருடம்தான்.

என் யோசனை கேட்டால், அவர் விமானம் ஏறுவதற்குள் திருத்துவதற்கு முன்பிருந்த வெறும் படகுக் கோதுக்கு ஒரு விலை பேசி வாங்கிவிடுங்கள். திகதி, தொகை, அவருடைய கையெழுத்து, இரண்டு சாட்சி, ஒரு தாள் போதும். நாலு மீன் பிடிக்கவும் ஆசையென்றால் 1996 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கச் சட்டப்படி கடற்றொழில் திணைக்களத்தில் மீன்பிடிப் படகாகப் பதிய வேண்டும், அங்கே முதலில் கேட்கப்போவதும் படகு யாருடையது என்பதற்கு அத்தாட்சிதான்.