மழையும் இல்லை, குளிரும் இல்லை – கடிதம்

வணக்கம் ஐயா,

எனக்கு ஊர் கோவை. மாற்றலாகி மண்டபம் வந்தபின் இது முதல் கார்த்திகை. ஒரு வாரமாக இங்கே மூட்டம்தான். காலையில் பிசுபிசுவென்று தூறல், மத்தியானம் கொஞ்சம் விட்டு மறுபடி தூறல். கொட்டித் தீர்க்கவும் மாட்டேன் என்கிறது, வெளுக்கவும் மாட்டேன் என்கிறது. துணி காயவில்லை, தீப்பெட்டி நமத்துப்போகிறது. சரி, குளிராவது வருமா என்றால் ராத்திரி போர்வையே தேவைப்படவில்லை. இது இங்கே வழக்கமா, இல்லை பருவநிலையே மாறிவிட்டதா? பொங்கலுக்கு அப்பா அம்மா வருகிறார்கள். ஸ்வெட்டர் எடுத்துவரச் சொல்லவா?

ச., மண்டபம்

அன்புள்ள ச.,

வழக்கம்தான். ஐப்பசிப் பிற்பாதியிலிருந்து மார்கழி வரை எங்கள் கரையில் நல்ல நாள் என்றால் இப்படித்தான் இருக்கும். பருவநிலை மாற்றத்தைப் பற்றிக் கவலைப்பட வேறு காரணங்கள் நிறைய உண்டு. இந்தத் தூறல் அதில் சேராது.

கோவையில் ராத்திரி வானம் தெளிந்தால் தரையின் சூடு விறுவிறுவென்று மேலே போய்விடும். இங்கே மேகம் மூடிக் கிடக்கிறது. மேகம் விலகினாலும் கடல் விடாது. வெதுவெதுப்பான தண்ணீருக்கு மேலேயே வருகிற காற்று எவ்வளவுதான் குளிர்ந்துவிடும்? தை மாதம் மதுரையில் விடிகாலை 20, 21 டிகிரிக்கு இறங்கும்போதும் பாம்பன் 24ஐ ஒட்டியே நிற்கும். தவிர, வானிலைத் துறைக் கணக்கில் குளிர்காலம் என்பதே ஜனவரியும் பிப்ரவரியும்தான்.

‘கொட்டித் தீர்க்க மாட்டேன் என்கிறது’ என்று எழுதியிருக்கிறீர்களே, அதில்தான் உங்களோடு சண்டை. கொட்டித் தீர்த்தால் என்ன ஆகும் என்பதை 2024 நவம்பர் 20 அன்று பார்த்தோம். ராமேசுவரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல். இந்த மாவட்டத்துக்கு வருஷம் முழுக்கக் கிடைப்பதே சுமார் 80தான். மணல் தீவில் அவ்வளவு தண்ணீரை எங்கே பிடித்து வைப்பது? வீடுகளுக்குள் புகுந்தது போக மிச்சம் கடலுக்குப் போனது. 2020 டிசம்பரில் புரெவி புயல் நம் கரையை ஒட்டி மன்னார் வளைகுடாவில் வந்து நின்றுகொண்டு நகர மாட்டேன் என்றது. நாங்கள் இங்கே பயந்துகொண்டிருக்க, தண்ணீர் நின்றதென்னவோ சிதம்பரம் கோயிலுக்குள். பெரிய மழையை நம்பி இங்கே யாரும் விதைப்பதில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறித் திருவாடானை, ஆர்.எஸ்.மங்கலம் பக்கம் போய் வயலைப் பாருங்கள். ஆவணி, புரட்டாசியில் காய்ந்த மண்ணை உழுது புழுதியிலேயே நெல்லை விதைத்துவிடுவார்கள். ஐப்பசி மழைக்கு முளைத்து வந்த பயிர் இனிப் பொதி கட்டும், அதாவது தண்டுக்குள் கதிர் திரளும். இந்தச் சமயத்தில் நாலு நாள் சேர்ந்தாற்போல் வெயில் அடித்தால், விரல் நுழைகிற அளவுக்குக் களிமண் வெடித்துவிடும். இப்போது அந்த வெடிப்பெல்லாம் மூடிக்கொண்டிருக்கும். வயலில் தண்ணீர் தேங்கியிருக்காது, ஆனால் வரப்போர நண்டு வளைகளில் ஈரமான புது மண் தள்ளியிருக்கும். தினம் இப்படி வேர் நனைந்தால் கண்மாய் மடையைத் திறக்க வேண்டாம். அந்தத் தண்ணீர் தை வரைக்கும் கைகொடுக்கும். கடைமடை வயலும் பதராகாமல் தப்பும்.

எல்லோருக்கும் இது கொண்டாட்டம் என்று சொல்லவில்லை. மூட்டம் நீண்டால் நெல்லில் குலைநோய் வரும். முண்டு மிளகாய் போட்டவர் வேர் அழுகுமோ என்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். ரொம்பக் கஷ்டம் கருவாடு போடும் பெண்களுக்குத்தான். தூறினால் தார்ப்பாயை இழுத்து மூட வேண்டும், விட்டால் திறக்க வேண்டும். பகல் முழுக்க இதே வேலை. அப்படியும் நெத்திலி சரியாகக் காயாமல் நிறம் மாறிவிட்டால், சாப்பாட்டுக் கருவாடு கோழித் தீவனமாகி, அந்த விலைக்குத்தான் போகும். உங்கள் துணி அடுத்த வாரம் காய்ந்துவிடும், விடுங்கள்.

அப்புறம், மண்டபத்தில் இருந்துகொண்டு குளிர் இல்லை என்பவர் விடிகாலையில் வடகடல் பக்கம் போகாதவர். போய்ப் பாருங்கள், வாடைக்காற்று முகத்தில் அறையும். தண்ணீர் கலங்கிக் கிடக்கும், நாட்டுப்படகுகள் நங்கூரக் கயிற்றை வெட்டி வெட்டி இழுக்கும். அப்படியே தண்டவாளத்தையும் ரோட்டையும் தாண்டித் தென்கடலுக்கு நடந்தால் அங்கே குளம் மாதிரி அசையாமல் இருக்கும். இந்தக் காலத்தில் படகுகளைத் தெற்கே கொண்டுவந்து கட்டுவது அதனால்தான். கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று அடிக்கும் மாதங்களில் எல்லாம் தலைகீழ்.

ஸ்வெட்டர் வேண்டாம். பொங்கலுக்குள் மழை அநேகமாக ஓய்ந்திருக்கும். அப்பாவுக்குக் காதை மூட ஒரு மப்ளர் போதும். தனுஷ்கோடிக்குக் கூட்டிப்போனால், கோதண்டராமர் கோயில் பக்கம் தேங்கிய தண்ணீரில் பூநாரைகள் நிற்கின்றனவா என்று பார்த்துக்கொண்டே போங்கள். குடை மட்டும் எடுத்துப்போகாதீர்கள், அங்கே அடிக்கிற காற்றில் அது கையில் நிற்காது.