உள்ளங்கை வியர்வையும் பதற்றமும்

கேள்வி: எனக்கு வயது 21. பள்ளி நாள்களிலிருந்தே உள்ளங்கைகளும் பாதங்களும் எந்நேரமும் ஈரமாக இருக்கின்றன. தேர்வில் விடைத்தாள் நனைந்து மை கலைந்துவிடுகிறது. பதற்றத்தைக் குறைத்தால் சரியாகிவிடும் என்கிறார்கள். இது நோயா, மனப் பலவீனமா?

பதில்: மனப் பலவீனம் அன்று, ஹைப்பர்ஹைட்ரோசிஸ் என்று மருத்துவத்தில் பெயர் பெற்ற மிகைவியர்வைக் கோளாறாகத் தெரிகிறது. நம் தோலில் ஏறத்தாழ 20 முதல் 40 லட்சம் வியர்வைச் சுரப்பிகள் உள்ளன. உங்களுக்கு அவற்றின் எண்ணிக்கையோ அமைப்போ மாறியிருக்காது. அவற்றை இயக்கும் பரிவு நரம்புகள்தாம் (நம் விருப்பத்துக்குக் கட்டுப்படாமல் தாமாக இயங்கும் நரம்புகள்), உடலைக் குளிர்விக்கும் தேவை இல்லாதபோதும், அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருளின் வழியே அளவுக்கு மீறித் தூண்டிக்கொண்டிருக்கின்றன. பதற்றம் வியர்வையைக் கூட்டும் என்பது உண்மையே. ஆனால் கை நனைந்துவிடுமோ என்ற அச்சமே பதற்றத்தை வளர்ப்பதும் உண்டு என்பதை அறிவுரை கூறுவோர் பெரும்பாலும் எண்ணிப் பார்ப்பதில்லை.

இளவயதில் தொடங்குதல், இரு பக்கமும் ஒரே அளவில் வியர்த்தல், உறக்கத்தில் நின்றுவிடுதல், குடும்பத்தில் வேறு சிலருக்கும் இருத்தல் ஆகியவை, வேறு நோயின் விளைவாக அல்லாமல் தானே தோன்றும் இந்த முதன்மை வகையின் அடையாளங்கள். உறங்கும்போது உங்கள் கைகள் உலர்ந்திருக்கின்றனவா என்று வீட்டாரைக் கேட்டுப் பாருங்கள்; தோல் மருத்துவர் கேட்கும் முதல் கேள்விகளுள் அதுவும் ஒன்றாக இருக்கும்.

சிகிச்சையை எளியதிலிருந்து தொடங்குவதே முறை. அலுமினியம் குளோரைடு கலந்த பூச்சு மருந்து, சுரப்பியின் வாயைத் தற்காலிகமாக அடைக்கிறது. வியர்வை குறைந்திருக்கும் இரவு நேரத்தில், நன்கு உலர்ந்த தோலில் தடவிக் காலையில் கழுவிவிட வேண்டும். ஈரத்தோலில் தடவினால் எரிச்சல் உண்டாகும், பலனின்றிக் கைவிடுவோர் பலர் செய்யும் பிழை இதுவே. அது போதாவிட்டால், நீர் நிரம்பிய தட்டில் கைகளை வைத்து மெல்லிய மின்னோட்டம் செலுத்தும் அயன்டோபோரெசிஸ் முறை உள்ளங்கைக்கும் பாதத்துக்கும் ஏற்றது. இதயத்தில் பேஸ்மேக்கர் பொருத்தியவர்களும் கருவுற்றவர்களும் இதைத் தவிர்க்க வேண்டும். போட்டுலினம் டாக்சின் ஊசி, அசிட்டைல்கோலின் வெளியாவதையே தடுத்துச் சில மாதங்கள் பலன் தரும், உள்ளங்கையில் வலி சற்று மிகுதி என்றாலும். மாத்திரைகளும் உண்டு, வாய் வறட்சியும் மலச்சிக்கலும் அவற்றின் விலை.

மார்புக்கூட்டினுள் பரிவு நரம்பைத் துண்டிக்கும் அறுவை சிகிச்சைக்கு அவசரப்படாதீர்கள். கை உலர்ந்துவிடும், ஆனால் முதுகிலும் வயிற்றிலும் தொடையிலும் ஈடுசெய் வியர்வை பெருகிப் பலரை வருத்துகிறது, அதைத் திருத்துவதும் எளிதன்று.

கேள்வி: என் அண்ணனுக்கு வயது 55. சில வாரங்களாக இரவில் உடல் முழுவதும் வியர்த்து உடை நனைந்துவிடுகிறது. எடையும் குறைந்திருக்கிறது. அவருக்கும் பூச்சு மருந்து போதுமா?

பதில்: போதாது. நடுவயதில் புதிதாகத் தொடங்கி, உறக்கத்திலும் உடல் முழுவதும் பெருகும் வியர்வை வேறொன்றின் விளைவாக இருக்கக்கூடும். தைராய்டு மிகைச்சுரப்பு, காசநோய், நிணநீர்ப் புற்றுநோய், நீரிழிவு மருந்தால் சர்க்கரை தாழ்தல், சில மனச்சோர்வு மருந்துகள் ஆகியவை அவற்றுள் சில. எடையும் குறைந்திருப்பதால் காலம் தாழ்த்தாமல், அவர் உட்கொள்ளும் மாத்திரைகள் அனைத்தையும் எடுத்துக்கொண்டு பொது மருத்துவரைப் பார்க்கச் சொல்லுங்கள். வியர்வையோடு மார்பு வலியோ மூச்சுத்திணறலோ சேர்ந்தால் உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்கு அழைத்துச் செல்ல வேண்டும்.