‘டூட்’ என்று யாரைக் கூப்பிடலாம்?

கேள்வி: என் மகன் அமெரிக்காவில் எம்.எஸ். படிக்கிறான். வீடியோ காலில் பேசும்போது பக்கத்தில் இருக்கும் ரூம்மேட்டை நிமிஷத்துக்கு ஒரு தரம் ‘டூட்’ என்கிறான். போன வாரம் அதே வேகத்தில் என்னையும் அப்படிக் கூப்பிட்டுவிட்டான். அது மரியாதை இல்லாத வார்த்தையா? கண்டிக்கலாமா?
– வாசகி, திருநெல்வேலி

பதில்: கெட்ட வார்த்தை இல்லை அம்மா, அந்தக் கவலையே வேண்டாம். நம் பையன்கள் ‘மச்சி’ என்கிற இடத்தில் அங்கே ‘டூட்’ என்கிறார்கள், அவ்வளவுதான்.

ஆனால் இது பிறந்தது கேலிச் சொல்லாக. 1883-ல் நியூயார்க்கில் திடீரென்று எல்லார் வாயிலும் புகுந்தது. இறுக்கமான கால்சட்டை, கையில் பிரம்பு, வலிய வரவழைத்த இங்கிலாந்து உச்சரிப்பு என்று திரிந்த பணக்கார வீட்டு மைனர்களைப் பத்திரிகைகள் ‘டூட்’ என்று கிண்டலடித்தன. அவர்களில் இவாண்டர் பெர்ரி வால் என்பவருக்கு ‘டூடுகளின் ராஜா’ என்று பட்டமே கிடைத்தது. ‘யாங்கி டூடுல்’ என்ற பழைய அமெரிக்கப் பாட்டில் தொப்பியில் இறகு செருகிக்கொண்டு பகட்டுகிற அசடன் ஒருவன் வருவானே, அந்த ‘டூடுல்’தான் சுருங்கி ‘டூட்’ ஆனது என்று ஜெரால்ட் கோஹென், பேரி போபிக் என்ற ஆய்வாளர்கள் பழைய பத்திரிகைகளைத் துழாவி எழுதியிருக்கிறார்கள். எனக்கும் அதுதான் பொருத்தமாகப் படுகிறது. மேற்கே மாடு மேய்க்கிற கவ்பாய்களுக்கோ, குதிரை ஏறத் தெரியாமல் வந்து நிற்கிற நகரத்து ஆள் எவனும் டூட்தான். அப்படி வருகிறவர்களைக் காசு வாங்கிக்கொண்டு தங்கவைத்த பண்ணைகளுக்கு ‘டூட் ரான்ச்’ என்ற பெயர் இன்றுவரை இருக்கிறது.

அப்புறம் 1930, 40-களில் கறுப்பின இளைஞர்களும் மெக்சிகோ வம்சாவளி இளைஞர்களும், மிடுக்காக உடுத்துகிறவர்கள், இதைத் தங்களுக்குள் கூப்பிட்டுக்கொள்ளும் சொல்லாக எடுத்துக்கொண்டார்கள். கேலி போய் நட்பு வந்துவிட்டது. அங்கிருந்து கலிபோர்னியாவின் அலைச்சறுக்குப் பையன்களிடம் போய், 80-களில் சினிமா வழியாக நாடு முழுக்கப் பரவியது.

பிட்ஸ்பர்க் பல்கலைக்கழக மொழியியலாளர் ஸ்காட் கீஸ்லிங் 2004-ல் இந்த ஒரே வார்த்தைக்காக ஒரு கட்டுரை எழுதினார். நீ நம்ம ஆள், ஆனால் அதற்காக நான் ரொம்பக் குழைய மாட்டேன், இந்த இரண்டையும் ஒரே நேரத்தில் சொல்ல இளைஞர்களுக்கு இது கைகொடுக்கிறது என்பது அவர் சொல்வதன் சாரம். அதனால் அர்த்தம் முழுக்கக் குரலில்தான் இருக்கிறது. ‘டூ…ட்!’ என்று இழுத்தால் அடேயப்பா, வெட்டினாற்போல் ‘டூட்.’ என்றால் போதும் நிறுத்து, குரலை இறக்கிச் சொன்னால் ஐயோ பாவம். அடுத்த முறை மகன் நண்பனோடு பேசும்போது கவனித்துப் பாருங்கள், விஷயம் புரியாவிட்டாலும் சேதி நல்லதா கெட்டதா என்று தெரிந்துவிடும்.

கண்டிக்க வேண்டாம் என்பேன். வாய் தவறி வந்தது, அவ்வளவு இயல்பாக உங்களோடு பேசுகிறான் என்று எடுத்துக்கொள்ளுங்கள். பிடிக்கவில்லை என்றால் நேராகச் சொல்லிவிடுங்கள், அங்கேயும் இது பிடிக்காத அம்மாக்கள் உண்டு.

கேள்வி: நான் வேலை செய்யும் அமெரிக்க நிறுவனத்தில் மேனேஜர் என்னை ‘டூட்’ என்கிறார். நானும் அவரைத் திருப்பிச் சொல்லலாமா? பெண்களிடம் சொல்லலாமா?
– வாசகர், கோவை

பதில்: கொஞ்ச நாள் பொறுங்கள். மற்றவர்கள் அவரை அப்படிக் கூப்பிடுகிறார்களா என்று பாருங்கள். கூப்பிட்டால் தாராளமாகச் சொல்லலாம், அதுவரை பெயரே போதும், அமெரிக்க அலுவலகத்தில் பெயர் சொல்வது மரியாதைக் குறைவில்லை. பேராசிரியர், இன்டர்வியூ எடுப்பவர், காரை நிறுத்தச் சொல்லும் போலீஸ்காரர், இவர்களிடம் வேண்டவே வேண்டாம்.

பெண்கள் தங்களுக்குள்ளேயே இப்போது டூட் என்கிறார்கள். நேரில் கூப்பிடும்போது ஆண், பெண் யாருக்கும் சொல்வது வழக்கமாகிவிட்டது, இருந்தாலும் விரும்பாத பெண்கள் உண்டு, பழக்கம் இல்லாதவரிடம் தவிர்த்துவிடுங்கள். ‘அந்த டூட்’ என்று மூன்றாம் மனிதரைப் பற்றிப் பேசினால் மட்டும் அது ஆணைத்தான் குறிக்கும். ஈமெயிலில் எழுதாதீர்கள். எழுத்தில் குரல் இல்லாததால், சும்மா சொன்னதுகூட அதட்டுகிற மாதிரி படும்.