அப்பாவின் ஆண்டு நினைவும் தம்பியின் வசனமும்

பெரியகல்லாற்றிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். அப்பா போன வருடம் காலமானார். இன்னும் மூன்று கிழமையில் ஆண்டுத் திருப்பலி. அன்றைக்கு மட்டக்களப்பில் ஒரு முதியோர் இல்லத்துக்குப் பகல் சாப்பாடு கொடுக்க வேண்டும் என்பது அம்மாவின் ஆசை. தம்பி கத்தோலிக்கக் கோயிலை விட்டு ஒரு சுயாதீன சபைக்குப் போகத் தொடங்கி மூன்று வருடம். "கிரியையால் ஒருவரும் இரட்சிக்கப்படுவதில்லை. எபேசியர் இரண்டு எட்டை எடுத்து வாசியுங்கள். இதற்கு நான் ஒரு சதமும் தரமாட்டேன்" என்று சொல்லிவிட்டாராம். கிரியை என்று அவர் சொல்வது நற்செயலை. அம்மாவும் சும்மா இருக்கவில்லை. "நம்பினால் மட்டும் போதுமென்றால் பிசாசும்தான் மோட்சம் போகும்" என்றிருக்கிறார். இப்போது இரண்டு பேருக்கும் பேச்சில்லை. "யார் சொல்வது சரி? சாப்பாட்டைக் கொடுப்பதா, விடுவதா?" என்று கேட்கிறார்.

சாப்பாட்டைக் கொடுங்கள், தங்கச்சி. அதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மிச்சம் நீளும்.

யார் சரி என்பதற்கு வருவோம். தம்பி காட்டிய வசனம் சரியான வசனம்தான். கிருபையினாலே, விசுவாசத்தைக்கொண்டு இரட்சிக்கப்பட்டீர்கள், இது தேவனுடைய ஈவு என்கிறது எட்டாம் வசனம். ஒருவரும் பெருமை பாராட்டாதபடி இது கிரியைகளினால் உண்டானதல்ல என்கிறது ஒன்பதாம் வசனம். தம்பி அங்கே வேதாகமத்தை மூடிவிட்டார். பத்தாம் வசனம் அதே மூச்சில் வருகிறது: நாம் நற்கிரியைகளைச் செய்வதற்காகவே சிருஷ்டிக்கப்பட்டோம் என்கிறது. 'கிரியைகளினால் அல்ல', ஆனால் 'கிரியைகளுக்காக'. இதை எழுதிய அப்போஸ்தலர் பவுலுக்கு இந்த இரண்டு உருபுகளுக்கும் நடுவில் எந்தச் சண்டையும் இல்லை. சண்டை நம் வீடுகளில்தான்.

அம்மா சொன்னதும் வேதத்தில் இருக்கிறது, அவருக்கே தெரிந்திருக்குமோ என்னவோ. யாக்கோபு 2:19: பிசாசுகளும் விசுவாசித்து நடுங்குகின்றன. ஆக, இருவருமே வசனத்தைத்தான் வீசியிருக்கிறார்கள்.

எங்கள் பக்கத்தில் சம்பளம் வரும்வரை கடையில் கொப்பிக்குச் சாமான் எடுப்போம் அல்லவா? முதலாளி ஒரு கொப்பியில் எழுதி வைப்பார், மாதக் கடைசியில் கூட்டிக் கழித்துக் கட்டுவோம். மோட்சத்தைப் பற்றி நினைக்கும்போது நம்மில் பாதிப் பேருக்கு மனதில் ஓடுவது இந்தக் கொப்பிதான். சாப்பாடு கொடுத்தேன், வரவில் எழுது. பொய் சொன்னேன், செலவில் எழுது. அம்மா அந்தக் கொப்பியை எழுதுகிறார் என்று தம்பி நினைக்கிறார். தம்பியோ கொப்பியையே கிழித்துப்போட்டுவிட்டு இனி எப்படியும் வாழலாம் என்கிறார் என்று அம்மா நினைக்கிறார். நான் அறிந்தவரை அம்மாவின் திருச்சபையும் அப்படிப் படிப்பிக்கவில்லை, தம்பியின் பாரம்பரியமும் அப்படிப் படிப்பிக்கவில்லை.

முதலில் அம்மாவின் பக்கம். கத்தோலிக்கத் திருச்சபையை எதிர்த்துச் சீர்திருத்தம் தொடங்கிய ஜெர்மன் துறவி மார்ட்டின் லூத்தருக்குப் பதில் சொல்வதற்காகக் கூடிய கத்தோலிக்க ஆயர்களின் திரெந்துப் பொதுச்சங்கம் 1547 ஜனவரியில் மீட்பைப் பற்றி ஒரு தீர்ப்பு வெளியிட்டது. அதன் முதலாவது கண்டன வாசகமே இதுதான்: கிறிஸ்துவின் வழியாக வரும் அருள் இல்லாமல், மனிதன் தன் சொந்தச் செயல்களாலேயே கடவுளுக்கு ஏற்புடையவன் ஆகலாம் என்று சொல்பவன் சபிக்கப்பட்டவன். அதாவது, தம்பி அம்மாவின் தலையில் கட்டுகிற கொள்கையை அம்மாவின் திருச்சபை ஏறக்குறைய ஐந்நூறு வருடங்களுக்கு முன்பே தள்ளிவிட்டது. அந்தக் காலத்தில் ஐரோப்பாவில் பாவத் தண்டனைக் குறைப்புப் பத்திரங்களைக் காசுக்கு விற்ற அசிங்கம் நடந்ததும் உண்மை. 1517இல் லூத்தர் கொதித்தெழுந்தது அதைப் பார்த்துத்தான். கொதித்தது நியாயம் என்பது என் எண்ணம்.

இனித் தம்பியின் பக்கம். 'விசுவாசம் மட்டும்' என்று முழங்கிய அதே லூத்தர், ரோமர் நிருபத்துக்கு 1522இல் எழுதிய முன்னுரையில், விசுவாசம் சும்மா இருக்கத் தெரியாத உயிருள்ள சாமான் என்கிறார். நெருப்பிலிருந்து சூட்டையும் வெளிச்சத்தையும் எப்படிப் பிரிக்க முடியாதோ, அப்படியே விசுவாசத்திலிருந்து நற்கிரியைகளையும் பிரிக்க முடியாதாம். அவர் யாக்கோபின் நிருபத்தை வைக்கோல் என்று பழித்ததும் அதே வருடத்தில்தான். பெரிய மனிதர்களும் சில நாள் வாய் தவறுவார்கள்.

இங்கே தமிழ் வாசகர்களுக்கு ஒரு சுவையான இடம் இருக்கிறது. ரோமர் 3:28ஐ ஜெர்மனில் பெயர்க்கும்போது, மூல கிரேக்கத்தில் இல்லாத 'மட்டும்' என்ற சொல்லை லூத்தர் சேர்த்தார். அதற்கு அவர் வாங்கிய வசவு கொஞ்சநஞ்சமல்ல. நமது பழைய தமிழ் வேதாகமத்தில் அந்த இடத்தில் 'விசுவாசத்தினாலேயே' என்று இருக்கிறது. தனிச் சொல் எதுவும் இல்லை, ஓர் ஏகாரம் அந்த வேலையைப் பார்க்கிறது. பள்ளிக்கூடத்தில் நன்னூல் படித்தவர்கள் கேட்பார்கள்: இது மற்றவற்றிலிருந்து பிரித்துக் காட்டும் பிரிநிலை ஏகாரமா, உறுதிப்படுத்தும் தேற்ற ஏகாரமா? பிரிநிலை என்றால், எதிலிருந்து பிரிக்கிறது? பதில் அதே வசனத்தில் இருக்கிறது: 'நியாயப்பிரமாணத்தின் கிரியைகள்'. விருத்தசேதனம், உணவு விலக்கு, ஓய்வுநாள் என்று யூதரைப் புறஜாதியாரிடமிருந்து பிரித்துக் காட்டிய சட்டங்கள் அந்தச் சொல்லில் முன்னால் நிற்கின்றன. சட்டத்தைக் கைக்கொண்டு கடவுள்முன் உரிமை கேட்கும் எந்த முயற்சியையும் பவுல் அதோடு சேர்த்தே தள்ளுகிறார் என்பதும் உண்மை. ஆனால் பசித்தவனுக்குச் சோறு போடுவதை வேண்டாம் என்று பவுல் எங்கேயும் எழுதவில்லை. 'அன்பினால் கிரியைசெய்கிற விசுவாசம்' என்று கலாத்தியர் 5:6இல் எழுதியவரும் அவரேதான்.

யாக்கோபு 2:24 நேர் எதிராகக் கேட்கும்: 'விசுவாசத்தினாலேமாத்திரமல்ல, கிரியைகளினாலேயும்'. பவுலும் யாக்கோபும் சாட்சிக்கு அழைப்பது ஒரே ஆபிரகாமைத்தான், இரண்டு பேரும் காட்டுவது ஆதியாகமம் 15:6ஐத்தான். பவுல், ஆபிரகாம் நீதிமானாக எண்ணப்பட்டபோது அவருக்கு இன்னும் விருத்தசேதனமே நடக்கவில்லை, அது பதினேழாம் அதிகாரத்தில்தான் வருகிறது என்று காட்டுகிறார். யாக்கோபு இன்னும் தள்ளிப்போய், இருபத்திரண்டாம் அதிகாரத்தில் ஈசாக்கைப் பலிபீடத்தில் கிடத்தின இடத்தைக் காட்டுகிறார். பவுலுக்கு முன்னால் நிற்பவர் 'நான் உள்ளே வர இன்னும் என்ன செய்ய வேண்டும்?' என்று தவிக்கிறவர். யாக்கோபுக்கு முன்னால் இருப்பவர் உள்ளே வந்து முதல் வாங்கில் உட்கார்ந்துகொண்டு, துணியில்லாமல் வந்தவனைப் பார்த்து 'சமாதானத்தோடே போங்கள், குளிர்காய்ந்து பசியாறுங்கள்' என்று அனுப்பிவிடுகிறவர். 2004 டிசம்பர் 26ஆம் திகதி, சுனாமி அன்று, கல்லாற்றிலும் கல்லடியிலும் ஈரத் துணியோடு நின்றவர்களுக்கு அந்த வசனத்தை யாரும் விளக்கத் தேவையில்லை.

வீட்டில் சண்டை பெருப்பதற்குச் சொற்களும் ஒரு காரணம். தம்பி சொல்வது விசுவாசம், கிரியை, கிருபை, இரட்சிப்பு. அம்மா இப்போது கோயிலில் கேட்பது நம்பிக்கை, செயல், அருள், மீட்பு. 1995இல் வந்த வேதாகமப் பொது மொழிபெயர்ப்பின் தமிழ் அது. அம்மாவின் வயதுக்காரர்கள் சின்ன வயதில் படித்தது இன்னொன்று: தேவ இஷ்டப்பிரசாதம். கிருபையும் அருளும் இஷ்டப்பிரசாதமும் ஒன்றுதான். அதை அம்மாவிடம் ஒரு தேத்தண்ணி நேரத்தில் சொல்லிப் பாருங்கள். "அட, தம்பி இதையா சொல்றான்?" என்று கேட்டாலும் கேட்பார்.

நான் மெதடிஸ்த வீட்டுப் பிள்ளை. எங்கள் ஆட்களுக்கு இதில் ஒரு தனிப் பங்கு உண்டு. 1814இல் வில்லியம் ஓல்ட் என்ற மிஷனரி மட்டக்களப்புக்கு வந்தார். ஒரு வருடம்கூட உயிரோடு இருக்கவில்லை. விசுவாசத்தினால் நீதிமானாகுதல் என்பதை நெஞ்சில் சுமந்து கடல் கடந்த அந்த மனிதர் வந்தவுடன் தொடங்கிய வேலை, பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம். இன்றைய மெதடிஸ்த மத்திய கல்லூரியின் தொடக்கம் அது. அவருக்கு அந்த ஆவியைக் கொடுத்த, மெதடிஸ்த இயக்கத்தைத் தொடங்கிய ஜோன் வெஸ்லி இந்தக் கேள்விக்கு 1765இல் ஒரு பிரசங்கத்தில் பதில் சொன்னார்: விசுவாசம் நேரடியாகவே தேவை, நற்கிரியைகளும் தேவை, ஆனால் நேரமும் சந்தர்ப்பமும் இருந்தால். சிலுவையில் தொங்கிய கள்வனுக்கு இரண்டுமே இருக்கவில்லை, அவன் அன்றைக்கே பரதீசுக்குப் போனான். உங்கள் தம்பிக்கு நேரமும் இருக்கிறது, சந்தர்ப்பமும் மூன்று கிழமையில் வருகிறது.

1999 ஒக்டோபர் 31ஆம் திகதி, ஜெர்மனியின் ஓக்ஸ்பேர்க் நகரில், கத்தோலிக்கத் திருச்சபையும் லூத்தரன் உலக சம்மேளனமும் ஒரு கூட்டுப் பிரகடனத்தில் கையெழுத்திட்டன. கடவுள் நம்மை ஏற்றுக்கொள்வது நம்முடைய எந்தத் தகுதிக்காகவும் அல்ல, அருளால் மட்டுமே. ஏற்றுக்கொண்டபின் அவருடைய ஆவி நம் உள்ளத்தைப் புதுப்பித்து நற்செயலுக்கு அனுப்புகிறது என்பது அதன் சாரம். 2006இல் சியோலில் மெதடிஸ்தர்களும் 2017இல் சீர்திருத்த சபைகளும் சேர்ந்துகொண்டார்கள். தம்பி போகிற மாதிரியான சுயாதீன சபைகள் இதில் கையெழுத்திட்டவை அல்ல, ஆகவே "உன் சபையும் ஒப்புக்கொண்டது" என்று அவரிடம் போய் வாதிடாதீர்கள்.

அதற்காக எல்லாம் ஒன்றாகிவிட்டது என்றும் சொல்லமாட்டேன். எங்கள் உன்னிச்சைக் குளத்துத் தண்ணீரை எந்தப் போடியாரும், அதாவது எந்த வயற்சொந்தக்காரரும், உண்டாக்கவில்லை, அது வானம் கொடுத்தது. வாய்க்காலில் புல் மண்டிக் கிடந்தால் வட்டைக்கு, அதாவது வயல்வெளிக்கு, தண்ணீர் ஏறாது, வெள்ளாமையும் இல்லை. வாய்க்காலைச் சுத்தம் செய்கிற கையை அருள்தான் அசைக்கிறது, ஆனாலும் அசைந்தது மெய்யாகவே என் கை என்பார் கத்தோலிக்கர். சரி, ஆனால் அறுவடையில் அந்தக் கைக்குப் பங்கு கேட்காதே என்பார் லூத்தரன். அந்த வித்தியாசம் இன்னும் இருக்கிறது.

உங்கள் வீட்டில் உண்மையாக முள் குத்துகிற இடம் வேறொன்று என்று நினைக்கிறேன். அம்மா சாப்பாடு கொடுப்பது அப்பாவின் ஆத்துமத்துக்காக. தம்பிக்கு உறுத்துவது 'கிரியை' என்பதைவிட, 'இறந்தவருக்காக' என்பதுதான். இங்கே சபைகள் நிஜமாகவே பிரிந்து நிற்கின்றன. கத்தோலிக்கர் ஏற்கும் மக்கபேயர் இரண்டாம் நூலின் பன்னிரண்டாம் அதிகாரத்தில் இறந்தவர்களுக்காகப் பலி ஒப்புக்கொடுக்கிற இடம் வருகிறது. தம்பியின் வேதாகமத்தில் அந்த நூலே இல்லை. ஆனால் ஒன்றைத் தம்பி தெரிந்துகொள்வது நல்லது. கத்தோலிக்கப் போதனையில், இறந்தபின் ஆத்துமங்கள் சுத்திகரிக்கப்படும் உத்தரிக்கிற ஸ்தலத்தில் இருக்கிறவர்கள் ஏற்கெனவே மீட்கப்பட்டவர்கள். அம்மா சோற்றுப் பார்சல் கொடுத்து அப்பாவை நரகத்திலிருந்து விலைக்கு வாங்கப் பார்க்கவில்லை.

என் பெரியம்மா ஒவ்வொரு நாளும் சுண்டில் அரிசி அளந்து பானையில் போடுமுன், அதிலிருந்து ஒரு பிடி அள்ளி, மூடி துருப்பிடித்த ஒரு பால்மா ரின்னில் போடுவார். பிடி அரிசி. மாதக் கடைசியில் அது யாரோ ஒரு வீட்டுக்குப் போகும், எந்த வீடென்று எங்களுக்குச் சொல்லமாட்டார். வேதாகம வகுப்பில் புதிதாக ரோமர் நிருபம் படித்த திமிரில், "இதெல்லாம் மோட்சக் கணக்கில் சேராது, தெரியுமா?" என்று ஒருநாள் கேட்டேன். பானையிலிருந்து கண்ணை எடுக்காமலே, "சோறாக்கிற நேரத்தில ஆருடா கணக்குப் பார்க்கிற?" என்றார். அதற்குமேல் நல்ல விளக்கம் எனக்கு எந்த நூலகத்திலும் கிடைக்கவில்லை.

சரி, செய்ய வேண்டியது. திருப்பலியையும் சாப்பாட்டையும் இரண்டாகப் பிரியுங்கள். திருப்பலி அம்மாவின் வேண்டுதல், அதற்குத் தம்பியிடம் காசு கேட்காதீர்கள், வரச்சொல்லி வற்புறுத்தவும் வேண்டாம். சாப்பாட்டைப் பற்றிப் பேசும்போது 'அப்பாவின் ஆத்துமத்துக்காக' என்பதை அவரிடம் சொல்லாதீர்கள். அம்மா மனதுக்குள் வைத்துக்கொள்ளட்டும், கடவுளுக்குக் கேட்கும். தம்பியிடம் மத்தேயு இருபத்தைந்தை எடுத்து, 'பசியாயிருந்தேன்' என்ற இடத்தை வாசித்துவிட்டு, "அரிசி உன் பொறுப்பு, கறி என் பொறுப்பு" என்று சொல்லுங்கள். அக்காவுக்கு அந்த உரிமை இருக்கிறது. அப்படியும் மறுத்தால், மன்னிக்க வேண்டும், அது இறையியல் இல்லை, கைச்சுருக்கம். அவருடைய போதகரே அதை ஒப்புக்கொள்வார்.

அப்பாவின் படம் போட்ட பெனர் வேண்டாம். முகநூலில் போடுவதற்கு வயதானவர்களைத் தட்டோடு நிறுத்திப் படம் எடுக்கவும் வேண்டாம். வலது கை செய்வதை இடது கை அறியக் கூடாது என்று கேட்டவருக்குத்தான் நாம் கொடுக்கிறோம், அதில் இரண்டு சபைக்கும் கருத்து வேற்றுமை இல்லை.

நாளைக் குறிக்கும் முன் இல்லத்துக்கு ஒரு போன் எடுங்கள். சில இடங்களில் பகல் சாப்பாட்டுக்கு ஆட்கள் வரிசையில் நிற்பார்கள், இரவுச் சாப்பாட்டுக்கு ஒருவரும் இருக்கமாட்டார்கள். அப்படியென்றால் இரவுக்குக் கொடுங்கள். உப்பும் சீனியும் குறைத்துக் கொடுக்க வேண்டியவர்கள் எத்தனை பேர், பல் இல்லாதவர்களுக்குக் குழைத்த சோறு எத்தனை தட்டு என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.