குண்டாஸ், நோட்டா, 50,000 ரூபாய்: தேர்தல் கால சட்டக் கேள்விகள்

1977 தேர்தலில் மக்கள் சுதந்திரத்துக்காக வாக்களித்தார்கள் என்கிறார்கள். தமிழ்நாட்டில் மட்டும் இந்திராவின் அணி எப்படி ஜெயித்தது? (வாசகர், மன்னார்குடி)

தமிழ்நாட்டில் மட்டுமல்ல, ஆந்திராவில் 42இல் 41 காங்கிரசுக்குத்தான். உத்தரப் பிரதேசத்தில் 85, பீகாரில் 54, அத்தனையும் போயிற்று. நெருக்கடி நிலையின் பத்திரிகைத் தணிக்கையும், விசாரணை இல்லாமல் சிறையில் அடைக்கும் மிசா சட்டமும் நாடு முழுக்க இருந்தவைதான். வடக்கே கூடுதலாக இருந்தது கட்டாயக் கருத்தடை. 1976-77இல் சுமார் 80 லட்சம் அறுவைச் சிகிச்சைகள். ஆள் பிடித்துத் தராத பள்ளி ஆசிரியருக்குச் சம்பளம் நின்றது. இங்கே 1976 ஜனவரியில் திமுக ஆட்சியைக் கலைத்தார்கள், கட்சிக்காரர்கள் சிறைக்குப் போனார்கள். ஆனால் அது கட்சிக்காரர் வீட்டுத் துன்பமாகவே நின்றுவிட்டது. தன் வீட்டுக் கதவைத் தட்டாத வரைக்கும் அரசின் கெடுபிடி ஓட்டாக மாறுவதில்லை.

வாக்காளர் அட்டையோடு ஆதாரை இணைக்காவிட்டால் பெயரை நீக்கிவிடுவார்களா? (வாசகி, கரூர்)

அந்தக் காரணத்துக்காக நீக்க முடியாது. இணைப்பு கட்டாயமில்லை என்று 2023இல் தேர்தல் ஆணையமே உச்ச நீதிமன்றத்தில் சொல்லியிருக்கிறது.

பறக்கும் படை என் மாமாவிடம் பணத்தைப் பிடுங்கிக்கொண்டது. இது சர்வாதிகாரம் இல்லையா? (வாசகர், ஊர் குறிப்பிடவில்லை)

எவ்வளவு பணம், என்றைக்கு, ரசீது கொடுத்தார்களா, ஒன்றும் எழுதவில்லை. சர்வாதிகாரம் என்று மட்டும் எழுதியிருக்கிறீர்கள். 50,000 ரூபாய்க்கு மேல் கொண்டுபோனால் வங்கிச் சீட்டோ விற்பனைப் பில்லோ கையில் இருக்க வேண்டும். பறிமுதல் செய்தால் ரசீது தர வேண்டியது அவர்கள் கடமை. வேட்பாளரோடோ கட்சியோடோ தொடர்பில்லை, வழக்கும் பதிவாகவில்லை என்றால், மாவட்டத்தில் இதற்கென்றே இருக்கும் அதிகாரிகள் குழுவிடம் ஆவணத்தைக் காட்டி மீட்கலாம். 10 லட்சத்தைத் தாண்டினால் வருமான வரித்துறைக்குத் தகவல் போகும். ரசீது வாங்காமல் இடத்தை விட்டு நகராதீர்கள். இதை ஒவ்வொரு தேர்தலுக்கும் எழுதுகிறேன்.

நோட்டா முதலிடம் வந்தால்? (வாசகர், நாகர்கோவில்)

அடுத்து அதிக வாக்கு வாங்கியவர் ஜெயித்ததாக அறிவிப்பார்கள். அவ்வளவுதான்.

தம்பியைக் குண்டாஸில் போட்டிருக்கிறார்கள். ஜாமீன் எப்போது கிடைக்கும்? எந்தக் கட்சியாவது இந்தச் சட்டத்தை எடுப்பதாகச் சொல்கிறதா? (வாசகி, தூத்துக்குடி)

தடுப்புக் காவலுக்கு ஜாமீன் கிடையாது அம்மா. மூல வழக்கில் ஜாமீன் வாங்கினாலும் தம்பி வெளியே வர முடியாது. 1982ஆம் ஆண்டுச் சட்டப்படி ஓராண்டு வரை வைக்கலாம். காவலுக்கான காரணங்களை 5 நாளில் கொடுத்திருக்க வேண்டும், 12 நாளில் அரசு ஒப்புதல் தந்திருக்க வேண்டும். காரணங்களோடு தரும் அந்த ஆவணப் புத்தகக் கட்டைப் பக்கம் பக்கமாகப் புரட்டுங்கள். படிக்க முடியாத ஜெராக்ஸ், தமிழாக்கம் இல்லாத தாள், மனுவைப் பரிசீலிக்காமல் கிடப்பில் போட்ட நாட்கள் என்று இப்படிப்பட்ட ஓட்டைகளால்தான் உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனுக்கள் வெற்றி பெறுகின்றன. கட்டைத் தொலைத்துவிடாதீர்கள். காவல் சரிதானா என்று பார்க்கும் அறிவுரைக் கழகத்தில் வக்கீல் வைக்க உரிமை இல்லை, வக்கீல் அல்லாத நண்பர் ஒருவர் உடனிருந்து உதவலாம்.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். கள்ளச் சாராயக்காரர்கள், ரவுடிகள் என்று தொடங்கிய இந்தச் சட்டத்தில் பிறகு திருட்டு வீடியோ, மணல், இணையக் குற்றம் என்று சேர்த்துக்கொண்டே வந்தார்கள். சேர்த்ததில் எந்த ஆட்சிக்கும் கை கூசவில்லை. அதைவிடப் பெரிய கூத்து டெல்லியில். நெருக்கடி நிலையை எதிர்த்து ஜெயித்த ஜனதா ஆட்சி 1978இல் 44ஆவது சட்டத்திருத்தம் கொண்டுவந்தது. அதன் 3ஆவது பிரிவு, அறிவுரைக் கழகத்தின் கருத்து இல்லாமல் வைத்திருக்கும் காலத்தை 3 மாதத்திலிருந்து 2 மாதமாகக் குறைக்கிறது. கழகத்துக்குப் பதவியில் இருக்கும் நீதிபதியே தலைவராக வேண்டும் என்கிறது. நாடாளுமன்றம் நிறைவேற்றியாயிற்று, குடியரசுத் தலைவர் கையெழுத்தும் போட்டாயிற்று. அமலுக்கு வரும் தேதியை மட்டும் மத்திய அரசு அறிவிக்க வேண்டும். இன்றுவரை அறிவிக்கவில்லை! 1981 டிசம்பரில், தடுப்புக் காவலை எதிர்த்த ஏ.கே.ராய் வழக்கில் உச்ச நீதிமன்றமும், அரசைக் கட்டாயப்படுத்த முடியாது என்று ஒதுங்கிக்கொண்டது. மிசாவில் உள்ளே போனவர்களும் பிறகு மந்திரியானார்கள். அவர்களுக்கும் ஒரு தேதி போட நேரமில்லை. நெருக்கடி நிலை வந்த ஜூன் 25 வந்தால் மட்டும் கண்ணீர்க் கட்டுரை எழுதுவார்கள். வாக்குக் கேட்டு வருபவரிடம், 3ஆவது பிரிவுக்குத் தேதி எப்போது என்று கேளுங்கள். அவர் முழிப்பார், கேட்டுப் பாருங்கள்.

மதுவிலக்கு தனிமனித உரிமையில் தலையிடுவது ஆகாதா? (வாசகர், சேலம்)

குடிப்பது அடிப்படை உரிமை என்று எந்த நீதிமன்றத்திலும் ஜெயிப்பது கடினம், மதுவிலக்குக்கு அரசு முயல வேண்டும் என்னும் அரசியல் சட்டத்தின் 47ஆவது பிரிவு அதற்கு எதிரே நிற்கிறது. 2016இல் இரண்டு பெரிய கட்சிகளும் மதுவிலக்கை வாக்குறுதியாகவே கொடுத்தன. ஜெயித்து வந்தவர்கள் முதலில் 500 மதுக் கடைகளை மூடினார்கள். மீதியை நீங்களே பார்க்கிறீர்கள்.

முகநூலில் வேட்பாளரைக் கிண்டல் செய்ததற்கு 66ஏ பிரிவில் வழக்குப் போடுவோம் என்று மிரட்டுகிறார்கள். (வாசகர், பெயர் வேண்டாம் என்கிறார்)

தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ 2015 மார்ச்சிலேயே செத்துவிட்டது, உச்ச நீதிமன்றமே ரத்து செய்தது. அதற்குப் பிறகும் அதில் வழக்குப் பதிந்தார்கள், 2021இல் நீதிமன்றம் அதிர்ச்சி தெரிவித்தது. வெறும் மிரட்டல் என்றால் விடுங்கள். வழக்கே போட்டுவிட்டார்கள் என்றால் முதல் தகவல் அறிக்கையின் நகலை வாங்குங்கள். அதில் அவதூறு மாதிரி வேறு பிரிவும் சேர்ந்திருந்தால் அது தனிக் கதை. நகலோடு எழுதுங்கள், பார்ப்போம்.