பழைய அமெரிக்க டிராக்டர்ல முன் சக்கரம் ரெண்டும் ஒட்டிக்கிட்டே இருக்கே, அந்த மாடல் ஏன் இப்ப வர்றதில்ல?

கேள்வியோட ஒரு படம் போட்டிருக்கீங்க. சிவப்பு டிராக்டர், பின்னாடி நெஞ்சு உயரத்துக்கு ரெண்டு சக்கரம், முன்னாடி மூக்குக்கு அடியில குட்டியா ரெண்டு சக்கரம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு, தூரத்துல பாத்தா மூணு சக்கர வண்டி மாதிரியே இருக்கு. இது அடிக்கடி கவுந்ததால அமெரிக்காவுல தடை பண்ணிட்டாங்கன்னு சொல்றாங்களே நெஜமான்னு கேட்டிருக்கீங்க.

தடையெல்லாம் யாரும் பண்ணலங்க. கவுந்தது உண்மைதான், ஆனா அதுக்காக மட்டும் அது போகல. எந்த வேலைக்காக அதைச் செஞ்சாங்களோ அந்த வேலையே காட்டுல இல்லாம போச்சு, பெரிய காரணம் அதான்.

எனக்கு இது எப்படித் தெரியும்னா, நான் பெரம்பலூர் பக்கம், வீட்டுல மக்காச்சோளக்காடு, இப்ப பல வருஷமா இருக்கிறது அமெரிக்காவுல அயோவா மாநிலத்துல, இங்கயும் ஜன்னலைத் திறந்தா மக்காச்சோளம், விதியப் பாருங்க. பக்கத்துப் பண்ணைப் பெரியவர்கிட்ட அவரு அப்பா வாங்கின ஃபார்மால் எச் ஒண்ணு இன்னும் ஓடுது, உங்க படத்துல இருக்கிற அதே மாடல்தான். 1939ல இருந்து 1953 வரைக்கும் போட்டாங்க, கிட்டத்தட்ட 3 லட்சத்து 90 ஆயிரம் வண்டி, பெரும்பாலும் இந்த ஒட்டின மூக்குதான். இங்க இதை நேரோ ஃப்ரண்ட்னு சொல்லுவாங்க, நம்ம ஊர் டிராக்டர் மாதிரி சக்கரம் அகலமா இருந்தா வைட் ஃப்ரண்ட்.

முதல்ல இது ஏன் வந்துச்சுன்னு பாத்துருவோம், அது புரிஞ்சாதான் ஏன் போச்சுன்னு புரியும். 1917ல ஹென்ரி ஃபோர்டு ஃபோர்ட்சன்னு ஒரு டிராக்டர் விட்டாரு, விலை கம்மி, நல்லா வித்துச்சு. உழறதுக்கு சரி. ஆனா சோளம் முளைச்சு ஒரு சாண் வந்ததுக்கப்புறம் களை எடுக்க அதை உள்ள விட முடியாது, தாழ்வா அகலமா இருக்கும், பயிரை மிதிச்சுரும். அதனால டிராக்டர் வாங்கின விவசாயியும் களைக்குன்னு குதிரையைத் தீனி போட்டு வச்சிருந்தான். வரிசைக்கு வரிசை 40, 42 இன்ச் இடைவெளி விட்டதே குதிரை நடக்கணும்னுதான். அப்புறம் 1924ல இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் ஃபார்மாலைக் கொண்டுவந்தாங்க. உசரமான வண்டி, பின் சக்கரம் ரெண்டும் ரெண்டு வரிசைக்கு வெளியில ஓடும், முன் சக்கரம் ரெண்டும் ஒட்டி அந்த ரெண்டு வரிசைக்கு நடுவுல இருக்கிற ஒரே சந்துல ஓடும். பயிர் ரெண்டு பக்கமும் வயித்துக்கு அடியில தொடாம போகும். அவ்வளவுதாங்க, மொத்த ஐடியாவும் இதான்.

களைக்கொத்து எங்க மாட்டுவாங்க தெரியுமா, நம்ம ஊர்ல மாதிரி பின்னாடி இல்ல, ஓட்டுறவன் காலுக்கு முன்னாடி, மூக்குக்கு ரெண்டு பக்கமும். குனிஞ்சு பாத்தா கொழுவும் தெரியும் செடியும் தெரியும், ஸ்டியரிங்கை ஒரு விரக்கடை திருப்பினா கொழுவும் அந்தப் பக்கம் நகரும். பெரியவர் கொட்டாயில அந்தப் பழைய களைக்கொத்து இன்னும் சுவத்துல தொங்குது, செடி மேல மண்ணு விழுந்து மூடாம இருக்க தகரக் கவசம் வேற, ஓரமெல்லாம் தேஞ்சு பிளேடு மாதிரி ஆயிருச்சு. ஒரு போகத்துக்கு ரெண்டு தடவை மூணு தடவை இதை மாட்டி காடு முழுக்க சுத்தியிருக்காரு, சின்ன வயசுல, ஒரு நாள் பூரா கழுத்தைக் குனிஞ்சே வச்சு. எங்க அம்மா களைக்கொத்தோட குத்த வச்சு வரிசை வரிசையா நகர்ந்தது ஞாபகம் வந்துச்சு எனக்கு, அதைச் சொன்னதும் அவரு கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல.

இன்னொரு வசதி, வரப்போரத்துல திருப்புறது. முன் சக்கரம் ரெண்டும் ஒரே செங்குத்துத் தண்டுல இருக்கிறதால கிட்டத்தட்ட பக்கவாட்டா திரும்பும், ஒரு பக்கத்து பின் பிரேக்கை மட்டும் மிதிச்சா வண்டி நின்ன இடத்துலயே சுத்துற மாதிரி சுத்தும். ஜான் டியர் கம்பெனியும் 1934ல 'மாடல் ஏ', அடுத்த வருஷம் 'மாடல் பி'ன்னு இதே மூக்கோட இறக்கினாங்க, ஆலிவர், ஆலிஸ் சால்மர்ஸ், கேஸ்னு மத்த கம்பெனிங்க எல்லாரும் அப்படித்தான். ஒரு இருபத்தஞ்சு வருஷம் அமெரிக்க நடுப்பகுதியில டிராக்டர்னாலே இதான் உருவம்.

சரி, கவுறதுக்கு வருவோம், ஏன்னா நீங்க கேட்டதே அதைத்தான். எல்லாரும் சொல்றது என்னன்னா முன்னாடி ஒத்தக்கால் மாதிரி இருக்கு அதனால சாஞ்சுரும், அகல அச்சுன்னா நாலு கால், சாயாதுன்னு. இது பாதிதான் உண்மை. உங்க ஊர்ல எந்த டிராக்டரையாவது முன்னாடி குனிஞ்சு பாருங்க, முன்னச்சு நடுவுல ஒரே ஒரு பின்னுல தொங்கிட்டு இருக்கும், ஊஞ்சல் மாதிரி மேலயும் கீழயும் ஆடும், பள்ளம் மேட்டுல நாலு சக்கரமும் தரையில படணும்னு. அப்ப வண்டியோட பாரம் எங்க உக்காருது? பின்னாடி ரெண்டு சக்கரம், முன்னாடி அந்த ஒரு பின். அதுவும் முக்காலிதான்! வண்டி சாயச் சாய அந்த அச்சு போய் முட்டுக்கட்டையில முட்டுற வரைக்கும் வைட் ஃப்ரண்டும் மூணு கால்லதான் நிக்குது. வித்தியாசம் என்னன்னா அந்தப் பின் தரையில இருந்து கொஞ்சம் உசரத்துல இருக்கு, அது ஒரு லாபம், அச்சு முட்டினதுக்கப்புறம் அந்த அகலமும் தாங்கும், அது இன்னொரு லாபம். ஒட்டின மூக்குல இந்த ரெண்டாவது வாய்ப்பே கிடையாது, சாய ஆரம்பிச்சா போய்க்கிட்டே இருக்கும். அதனால மேட்டுச் சரிவுல ஆபத்து கூடுதல்தான், மறுக்கல.

ஆனா முன்சக்கரம் அகலமா இருந்த ஃபோர்ட்சனும் ஆளைக் கொன்னுருக்கு, பக்கவாட்டுல இல்ல, மூக்கைத் தூக்கி பின்னாடி மல்லாந்து. சங்கிலியைக் கொஞ்சம் உசரமா கட்டி மரக்கட்டையை இழுத்தா எந்த டிராக்டரும் அப்படி நிமிரும். அதுக்கு முன்சக்கரத்தை மாத்தி ஒண்ணும் ஆகப்போறதில்ல, அதுக்கு மருந்து தலைக்கு மேல கம்பிக் கூண்டும் சீட் பெல்ட்டும்தான். 1966ல ஜான் டியர் அந்தக் கூண்டைக் கொண்டுவந்தாங்க, டிசைனை மத்த கம்பெனிக்கும் கொடுத்தாங்க, 1976 அக்டோபருக்கு மேல செஞ்ச டிராக்டர்ல கூலியாளை உக்கார வச்சா பெரும்பாலும் கூண்டு இருக்கணும்னு சட்டம் வந்துச்சு. சட்டம் வந்தது கூண்டுக்கு, மூக்குக்கு இல்ல. தடைன்னு நீங்க கேள்விப்பட்டது இதுல இருந்து கிளம்பின கதையா இருக்கலாம்.

அப்ப அந்த ஒட்டின மூக்கை எதுதான் கொன்னுச்சு? என் கணக்குல முதல் குத்தவாளி களைக்கொல்லி மருந்து. 1945க்கு மேல 2,4-டி வந்துச்சு, அகல இலைக் களையைக் காலி பண்ணும் சோளத்தை விட்டுரும், 1950கள் கடைசில அட்ரசின் வந்துச்சு, சோயாவுக்கு அடுத்த பத்து வருஷத்துல ட்ரைஃப்ளூரலின். டேங்க்ல கலந்து அடிச்சுட்டா போதும்னா எவன் கழுத்தைக் குனிஞ்சு மூணு தடவை காடு சுத்துவான்? களைக்கொத்து கொட்டாய்க்குப் போயிருச்சு, அதை மாட்டத்தான் அந்த மூக்கு. பெரியவர் வீட்டுல ஸ்ப்ரேயர் வாங்கின வருஷத்தோட அந்த முன் களைக்கொத்தைக் கழட்டினதுதான், மறுபடி மாட்டவே இல்லையாம்.

ரெண்டாவது அறுவடை. அப்பல்லாம் கதிர் ஒடிக்கிற மெஷினை டிராக்டர் மேலயே சட்டை மாதிரி மாட்டுவாங்க, ரெண்டு வரிசை பிக்கர், மூக்குக்கு ரெண்டு பக்கமும் கூரா ரெண்டு தும்பிக்கை நீட்டிக்கிட்டு இருக்கும், ஒட்டின சக்கரம் இருந்தாதான் அது பொருந்தும். ஓட்டுறவன் நடுவுல தூசிக்குள்ள உக்காந்திருப்பான், அடைச்சுக்கிட்ட தட்டையை மெஷினை நிறுத்தாம கையால இழுத்து கை போனவங்க நிறைய, அந்தத் தலைமுறையில ஊருக்கு ஒருத்தராவது விரல் இல்லாம இருப்பாங்கன்னு பெரியவர் சொல்லுவாரு. 1950கள் நடுவுல கம்பைன் அறுவடை மெஷின்லயே சோளத்துக்குன்னு தலை மாட்ட ஆரம்பிச்சாங்க, ஒடிச்சு உதுத்து மணியா கொட்டிரும். பிக்கரும் மெல்ல மெல்ல போச்சு.

மூணாவது ஹாரி ஃபெர்குசன்னு ஒரு அயர்லாந்து இன்ஜினியர். 1939ல ஃபோர்டோட சேந்து 9என் விட்டாரு, சின்ன வண்டி, தாழ்வு, அகல முன்னச்சு, பின்னாடி ஹைட்ராலிக் த்ரீ பாயிண்ட் லிங்கேஜ். கலப்பையோ கொத்தோ எதுன்னாலும் பின்னாடி மாட்டு, லீவரைத் தட்டினா தூக்கிக்கும். ருசி கண்டுட்டா விடுவாங்களா. இங்க நமக்கும் ஒரு சொந்தம் இருக்கு, அந்த ஃபெர்குசன் வழியில வந்த மாஸ்ஸி ஃபெர்குசன் 35தான் சென்னை டாஃபேல 1035ஆ ஓடுச்சு. நம்ம ஊர்ல ஒட்டின மூக்கு பழக்கத்துக்கே வராததுக்கு இது ஒரு காரணம், நாம டிராக்டர்னு பழகினதே பின்னாடி அஞ்சு கொத்து மாட்டுற வண்டி, ட்ரெயிலர் இழுக்கிற வண்டி, சேத்துல கேஜ் வீல் போட்டு இறக்குற வண்டி. வரிசைக்குள்ள மூக்கை விட்டு களை எடுக்கிற தேவை நமக்கு இல்ல, அதுக்கு ஆள் இருந்தாங்க.

மத்ததெல்லாம் சின்னச் சின்ன தொல்லைங்கதான், ஆனா தினமும் அனுபவிக்கிறது அதான். ஈரக்காட்டுல ரெண்டு சக்கரத்துக்கும் நடுவுல சேறும் தட்டையும் அடைச்சுக்கும், சக்கரம் சுத்தாது, பலகை மாதிரி இழுத்துக்கிட்டுப் போகும், இறங்கி குச்சி வச்சு நோண்டணும். முன்னாடி லோடர் மாட்டி எரு அள்ளினா மொத்த பாரமும் அந்த ரெண்டு குட்டி டயர் மேல, பக்கெட்டைத் தூக்கிக்கிட்டு சரிவுல திரும்பினா போச்சு, நெஜமா கவுந்ததுல நிறைய இதுதான். உழவு சால் ஒண்ணைக் குறுக்கே சாய்வா தாண்டினா ஸ்டியரிங் கையை உதறிட்டுச் சுத்தும். இதை நான் அனுபவிச்சேன், போன வருஷம் புல்லு வாரிக்கிட்டு இருந்தப்ப ஒரு பழைய சால்ல முன்சக்கரம் இறங்கி ஸ்டியரிங் கம்பி என் கட்டைவிரல்ல அடிச்ச அடி, ரெண்டு வாரம் காபி டம்ளர் பிடிக்க முடியல. பெரியவர் ஏற்கனவே சொல்லித்தான் ஏத்தினாரு, கட்டைவிரலை வளையத்துக்கு உள்ள விடாதே, வெளியில வச்சுக்கோன்னு. கேட்டாத்தானே.

கம்பெனிங்க சும்மா இருக்கல, 1947ல ஜான் டியர் ரோல் ஓ மேட்டிக்னு ஒண்ணு விட்டாங்க, ரெண்டு முன்சக்கரத்தையும் பல்சக்கரத்தால இணைச்சு, ஒண்ணு மேட்டுல ஏறினா இன்னொண்ணு இறங்கும், 4 இன்ச் கட்டையில ஏறினா மூக்கு 2 இன்ச்தான் தூக்கும். நல்ல வேலைதான், ஆனா அது குலுங்கலுக்கு, களைக்கொத்து போனதுக்கு அது என்ன பண்ணும். 1960கள்ல வந்த ஜான் டியர் 4020 மாடல்ல கூட ரெண்டு மூக்குல எது வேணும்னு கேட்டு வாங்கலாம், வர வர வாங்கினவங்க பாதிப் பேருக்கு மேல அகலத்தைத்தான் கேட்டாங்கன்னு பழைய ஆளுங்க சொல்லுவாங்க. குதிரை போனதால வரிசை 30 இன்ச்சா சுருங்குச்சு, ரெண்டு வரிசை ஆறு எட்டுன்னு பெருசாச்சு, வண்டி 100 எச்பியைத் தாண்டுச்சு, அப்புறம் முன்சக்கரத்துக்கும் பவர் போகணும்னு வந்தப்ப கதை முடிஞ்சுது, பவர் கொடுக்க அச்சு வேணும், ஒட்டின மூக்குல அச்சே இல்ல.

இன்னைக்கும் பழைய வண்டிக்கு மாட்டுற வைட் ஃப்ரண்ட் கிட் விக்கிறாங்க, நிறைய பேர் மாத்திக்கிட்டாங்க. பெரியவர்கிட்ட நீங்க ஏன் மாத்தலன்னு கேட்டேன். பதில் சொல்லல, ஏறி உக்காருன்னாரு. பழைய சோளக் கிடங்குக்கும் மாட்டுக் கொட்டாய்க்கும் நடுவுல ஒரு சந்து, என் கார் நுழைஞ்சா ரிவர்ஸ்லதான் வெளிய வரணும். உள்ள விட்டாரு, ஸ்டியரிங்கை முழுசா ஒடிச்சாரு, இடது பிரேக்கை மட்டும் ஒரு மிதி, பின் சக்கரம் நின்ன இடத்துல கரகரன்னு மண்ணை அரைச்சுது, வண்டி வந்த வழியைப் பாத்து நின்னுச்சு. இன்ஜினை அணைச்சுட்டு, அகல மூக்கு மாட்டினா தினமும் இதை எங்க போய் திருப்புறதுன்னாரு.