ஊட்டி பொதுக் கழிப்பறைகளில் அழுத்துகிற குழாய் கையை எடுத்ததுமே ஏன் நின்றுவிடுகிறது?

தண்ணீரை மிச்சம் பிடிக்கத்தான் அந்தக் குழாயை வைக்கிறார்கள். ஆனால் இரண்டு நொடியில் நிற்பது அதன் இயல்பு இல்லை, பழுது.

தலையை அழுத்தும்போது உள்ளே ஸ்பிரிங் சுருங்கும், அதை ஒட்டிய சின்ன அறையிலிருந்து தண்ணீர் வெளியேறும். ஊசிமுனை அளவுத் துளை வழியாக அந்த அறை மெல்ல நிரம்பும் வரை குழாய் ஓடும். ரப்பர் வாஷர் தேய்ந்துவிட்டால் ஓரம் வழியாகவும் தண்ணீர் புகுந்து அறை சட்டென்று நிரம்பிவிடும், குழாயும் உடனே மூடிக்கொள்ளும். துளையில் மண் அடைத்தால் நேர்மாறு: நிற்காமல் ஓடும்.

அப்புறம் என்ன, ஒரு கையால் அழுத்திக்கொண்டே மறு கையைக் கழுவ வேண்டும். சோப்பு நுரையோடு அழுத்தினால் வழுக்கும். கடல் மட்டத்திலிருந்து 2,200 மீட்டருக்கும் மேலே, டிசம்பர் உறைபனிக் காலையில், விறைத்த விரலால் அந்தக் கெட்டி ஸ்பிரிங்கை அழுத்திப் பாருங்கள், தெரியும்.

சரி, தீர்வு? வாஷரை மாற்றினால் பெரும்பாலும் சரியாகிவிடும். என்னைக் கேட்டால், முழங்கையால் தள்ளித் திறக்கும் நீளக் கைப்பிடிக் குழாயே மேல்.